புறவாசல் முருங்கையும் ஐப்பசி மழையும்

ஒரு குடும்பத்தின் செழிப்பை அதன் முன்வாசலைக் கொண்டு மதிப்பிடுவோர் பலர் உண்டு. எனக்கோ, சிறுபிராயத்திலிருந்தே, ஒரு வீட்டின் புறவாசலில் முருங்கை மரம் ஒன்று நின்றுவிட்டால் அந்த வீட்டில் பட்டினிக்கு இடமில்லை என்ற எண்ணம் மனத்தில் ஊன்றிவிட்டது. வேலியும் உரமும் கேட்காமல், வெட்டி நட்ட ஒரு போத்திலிருந்தே தழைத்தெழுந்து, பிள்ளை பெற்ற தாய்க்குக் கீரையும், விருந்தினருக்குச் சொதியில் இடக் காயும், மெலிந்த குழந்தைக்குப் பூவும், ஒடித்தால் ஒடித்த இடத்தில் புதிய கிளையுமாகத் தன்னையே வழங்கிக்கொண்டிருக்கும் இந்த விருட்சத்துக்கு ஈடாக வேறொன்றைச் சொல்வது கடினம். ஆயினும், இவ்வளவு உபகாரியான மரத்துக்கு மழைக்காலந்தோறும் வந்து சேரும் ஓர் உபத்திரவம் உண்டு. அதன் பெயர் கம்பளிப்புழு. அந்தப் புழுவுக்கு அஞ்சியே முருங்கையை வீட்டருகில் வைக்க மறுப்பவர்களையும், வைத்த மரத்தை வெட்டி வீழ்த்துபவர்களையும் நான் ஏராளமாகப் பார்த்திருக்கிறேன். வெட்டாமல், விஷமும் இடாமல், அந்த உபத்திரவத்தோடு மல்லுக்கு நின்று மரத்தையும் தம்மையும் காத்துக்கொண்ட மனிதர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் கற்றுக்கொண்டதை எழுதி வைப்பது என் கடமை என்று தோன்றுகிறது.

நாங்கள் இருந்தது அம்பாசமுத்திரத்தில். பொதிகை மலையிலிருந்து இறங்கிவரும் தாமிரபரணி, பாபநாசத்தைத் தாண்டிச் சமவெளியில் நிதானம் கொள்ளும் பிரதேசம் அது. எங்கள் தெரு வீடுகளெல்லாம் ஒரே அமைப்பில் நீளவாக்கில் கட்டப்பட்டவை. தார்சாவில் தொடங்கிப் பட்டாசாலையையும் இரண்டாங்கட்டையும் அடுக்களையையும் கடந்தால், கிணறும் துவைகல்லும் மாட்டுத் தொழுவமும் கொண்ட புறவாசல் வரும். ஒரு வீட்டுப் புறவாசலுக்கும் அடுத்த வீட்டுப் புறவாசலுக்கும் நடுவே இடுப்பளவு மண்சுவர்தான். ஆகவே, எங்கள் முருங்கையின் கிளை மேலவீட்டாரின் தொழுவத்தின்மேல் சாய்ந்திருப்பதும், கீழவீட்டாரின் நாரத்தங்காய் எங்கள் கிணற்றடியில் விழுவதும் யாருக்கும் விகற்பமாகத் தோன்றியதில்லை. ஆள் நடமாட்டத்துக்கு இருந்த தடைகூட, கிளை வழியாக ஊர்ந்துசெல்லும் புழுவுக்கு இல்லை என்பதை நாங்கள் ஒவ்வோர் ஐப்பசியிலும் அனுபவபூர்வமாக உணர்ந்தோம்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கி, புழுதி அடங்கி, மண்ணில் ஈரம் இறங்கிய சில நாட்களில், விளக்கு வைத்தபின் வீட்டுக்குள் பெரிய அந்துப்பூச்சிகள் வரத் தொடங்கும். மங்கிய மஞ்சளும் பழுப்பும் கலந்த அகன்ற சிறகுகளில் தெளிவற்ற கோடுகள் ஓட, அரிக்கேன் விளக்கின் சிமினியில் அவை வந்து மோதுவதைக் குழந்தைகளாகிய நாங்கள் வேடிக்கை பார்ப்போம். எங்கள் ஆச்சி மட்டும் வேடிக்கை பார்க்க மாட்டாள். கையில் எந்த வேலை இருந்தாலும் நிறுத்திவிட்டு, "வந்துட்டு, பாத்துக்கிடுங்க; இன்னும் கொஞ்ச நாள்ல முருங்கையில ஏறிரும்" என்று அடுக்களையில் இருந்த அம்மாவுக்குக் கேட்கும்படி சொல்லுவாள். மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகக் கிடந்த பூச்சி மழையின் ஈரம் பட்டதும் சிறகு முளைத்து வெளியே வருகிறது என்பதையும், வந்த பெண்பூச்சி முருங்கையின் இலையிலும் இளந்தண்டிலும் முட்டைகளைக் கூட்டமாக இட்டுவிட்டு மடிகிறது என்பதையும் அவள் எந்தப் புத்தகத்திலும் படித்தவளல்லள். விளக்கடியில் இந்தப் பூச்சி தோன்றினால் மரத்தில் அந்தப் புழு தோன்றும் என்ற சம்பந்தத்தை வருஷக்கணக்காகக் கவனித்து அறிந்திருந்தாள்.

முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுப்புழுக்கள் முதலில் கண்ணுக்கு எளிதில் புலப்படுவதில்லை. இலையின் அடிப்புறத்தில் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு, பச்சையத்தைச் சுரண்டித் தின்றுகொண்டிருக்கும். அந்தக் கிளையின் ஈர்க்குகள் மட்டும் வெளிறித் தோன்றும், அவ்வளவுதான். சில தினங்கள் கவனியாமல் இருந்துவிட்டால் துவைகல்லின்மேலும் கிணற்றுத் திட்டின்மேலும் கரிய சிறு உருண்டைகள் உதிர்ந்து கிடக்கும். அது புழுவின் எச்சம். அதைக் கூட்டித் தள்ளும்போதுதான் பெரும்பாலோர் தலையை உயர்த்தி மரத்தைப் பார்ப்பார்கள். அதற்குள் புழு விரற்பருமனை எட்டியிருக்கும்; பழுப்பு உடல் முழுவதும் அடர்ந்த ரோமம் எழும்பியிருக்கும்; கிளைக்குக் கிளை இலையற்ற ஈர்க்குகள் வானத்தை நோக்கி நிற்கும். அடர்த்தியான ஆக்கிரமிப்பு நேர்ந்த வருஷங்களில் இலை தீர்ந்தபின் இளங்கொம்பின் பட்டையையும் அவை சுரண்டும். அவ்விடங்களில் முருங்கைப் பிசின் வடிந்து செந்நிறமாக உறைந்திருப்பதைக் காணலாம்.

இந்தப் புழுவின் சுபாவத்தில் விசேஷமானது அதன் கால ஒழுங்கு. பகல் முழுவதும் அது தின்பதில்லை. விடியும் தறுவாயில் கிளைகளிலிருந்து அணியணியாக இறங்கி, அடிமரத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக அப்பிக்கொண்டு அசைவற்றுக் கிடக்கும். பொழுது சாய்ந்து இருள் சூழ்ந்ததும் அதே வரிசையில் மேலேறி இலையைத் தின்னத் தொடங்கும். இரவில் தின்பதும் பகலில் திரண்டு உறங்குவதுமான இந்த வழக்கமே அதற்குப் பாதுகாப்பு; இதை அறிந்துகொண்டவனுக்கு இதுவே அதன் பலவீனம். உயரக் கிளைகளில் ஆயிரமாயிரமாகச் சிதறிக் கிடக்கும்போது எந்த மனிதனாலும் எட்ட முடியாத ஜீவராசி, காலையில் தானாகவே இறங்கி வந்து, கைக்கு எட்டும் உயரத்தில், ஒரே இடத்தில் திரண்டு கிடக்கிறது. எங்கள் ஆச்சியின் சாமர்த்தியம் முழுவதும் இந்த ஒரு செய்தியை உறுதியாகப் பற்றிக்கொண்டதில்தான் இருந்தது. "ராத்திரி மேல தின்னுட்டுப் போகட்டும், விடிஞ்சா தூருக்கு வந்துதான தீரணும்" என்பாள்.

புழுவின் ரோமம் உடம்பில் பட்டால் உண்டாகும் துன்பத்தை அனுபவித்தவர்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. நுண்ணிய அந்த ரோமங்கள் தோலில் தைத்து முறிந்துகொள்ளும். பட்ட இடம் தடித்துச் சிவந்து, சொறியச் சொறிய அரிப்பு பரவும். கொடியில் உலரும் துணியின்மேல் ஒரு புழு ஊர்ந்துபோனால் போதும், அதை உடுத்தவன் அன்று முழுதும் நிலைகொள்ள மாட்டான். பள்ளிக்குப் புறப்படும் நேரத்தில் என் தம்பி சட்டையை மாட்டிக்கொண்டு அலறியதும், ஆச்சி அவன் கையைச் சொறிய விடாமல் பிடித்துக்கொண்டு, வெற்றிலையைச் சாறு கசியும்படி கசக்கி ஒரே திசையில் தேய்த்துவிட்டதும், பிறகு அந்தத் துணியை வெந்நீரில் ஊறவைத்ததும் ஞாபகத்தில் நிற்கின்றன. வைத்தியர்கள் இன்று சொல்லும் முறையும் ஏறக்குறைய அதுவே: சொறியக் கூடாது, ஒட்டும் தன்மையுள்ள நாடாவை அழுத்தி உரித்து ரோமத்தை அகற்ற வேண்டும், பின்பு சோப்பிட்டுக் கழுவ வேண்டும், கண்ணில் பட்டால் தேய்க்காமல் வைத்தியரிடம் செல்ல வேண்டும்.

புழு கண்ட வீடுகளில் அக்காலத்தில் மூன்று வகையான பரிகாரங்கள் நடைபெற்றன. முதலாவது, மரத்தை அடியோடு வெட்டிவிடுவது. முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும் என்ற பழமொழியை அறியாதவர் எங்கள் ஊரில் இல்லை. ஆனால் ஒடிப்பது வேறு, வேரோடு தோண்டி எறிவது வேறு. ஒரு மாதத் துன்பத்துக்காகப் பதினொரு மாத உபகாரத்தை இழப்பதில் என்ன விவேகம் இருக்கிறது என்று ஆச்சி கேட்பாள். இரண்டாவது, ஆச்சியின் வழியாகிய தீப்பந்தம். மூன்றாவது, அப்போது புதிதாக ஊருக்குள் வந்து சேர்ந்த பூச்சிக்கொல்லிப் பொடி.

அந்தப் பொடிகள் வந்த காலத்தின் உணர்ச்சியை இன்றைய வாலிபர்களுக்கு விளக்குவது எளிதன்று. டி.டி.டி.யின் பூச்சிக்கொல்லும் சக்தியை 1939இல் கண்டறிந்த சுவிட்சர்லாந்து விஞ்ஞானி பால் முல்லருக்கு 1948இல் நோபல் பரிசு கிடைத்தது. 1953இல் நம் தேசத்தில் மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியபோது, தெளிப்பான்களைத் தோளில் சுமந்த ஊழியர்கள் வீடுவீடாக வந்து சுவர்களில் அந்த மருந்தை அடித்தார்கள். காய்ச்சலால் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள் அவர்களைத் தெய்வமாகவே கருதினார்கள், அது நியாயமும்கூட. கொசுவைக் கொன்ற பொடி புழுவையும் கொல்லும் என்று ஜனங்கள் நம்பியதில் பிசகொன்றும் இல்லை, கொல்லத்தான் செய்தது. மேலவீட்டு அண்ணாச்சி விக்கிரமசிங்கபுரம் ஆலையில் வேலை பார்த்தவர். புதிய விஷயங்களை அறிவதில் ஆர்வமும் அக்கம்பக்கத்தாருக்கு உதவும் குணமும் கொண்டவர். ஒரு மழைக்காலத்தில் அவர் பி.எச்.சி. என்னும் பூச்சிக்கொல்லிப் பொடி வாங்கிவந்து, மெல்லிய துணியில் மூட்டை கட்டி, நீண்ட கம்பின் நுனியில் தொங்கவிட்டுத் தம் வீட்டு முருங்கைமேல் தட்டினார். மறுநாள் காலையில் மரத்தடி முழுவதும் புழுக்கள் செத்துக் கிடந்தன. எங்கள் மரத்துக்கும் தட்டித் தருவதாக, மண்சுவரின் அப்புறத்தில் நின்று அன்போடு சொன்னார்.

அன்று ஆச்சி அவருக்குச் சொன்ன பதிலை நான் மறக்கவில்லை. "நல்லா இருப்பிய தம்பி, எங்களுக்கு வேண்டாம். பூச்சி தின்ன மிச்சத்த நாம திங்கலாம். மருந்து தின்ன இலைய எப்பிடித் திங்க? இந்த மரத்துல கீர ஒடிக்காம நமக்கு ஒரு வாரம் போகுமா?"

அண்ணாச்சி அதைக் கேட்டு வருத்தப்படவில்லை, யோசித்தார். முருங்கையின் நிலைமை மற்ற மரங்களின் நிலைமையிலிருந்து மாறுபடுவது இங்கேதான். வேம்பிலோ பூவரசிலோ மருந்து அடித்தால் அந்த இலை சமையற்கட்டுக்கு வருவதில்லை. முருங்கையிலோ, புழுவுக்கு எது ஆகாரமோ அதுவே நமக்கும் ஆகாரம். மருந்திட்ட மரத்தில் இத்தனை நாள் கீரை பறிக்கக் கூடாது என்று சொல்லிவிடலாம். ஆனால் நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் மறுநாள் காலையில் கீரை ரசம் வைக்கத் துரட்டியை எடுக்கும் தாய்க்கும், கேட்காமலே சுவர் வழியாக ஒரு கொத்து ஒடித்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும், மரத்தடியில் மேயும் ஆட்டுக்கும் கோழிக்கும் அந்த எச்சரிக்கையை யார் சென்று சொல்லுவது? பி.எச்.சி. மண்ணிலும் உடற்கொழுப்பிலும் நெடுங்காலம் தங்கும் பண்புடையது என்பது பின்னர் தெளிவாயிற்று. 1989இல் நம் அரசாங்கம் விவசாயத்தில் டி.டி.டி.யின் உபயோகத்தை நிறுத்தியது; 1997இல் பி.எச்.சி.யைத் தடை செய்தது. இந்த விவரங்கள் எதுவும் வெளிவராத அந்தக் காலத்தில், சமையற்கட்டின் தர்மத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டு ஆச்சி எடுத்த முடிவை நினைக்கும்போது எனக்கு இன்றும் பெருமிதம் உண்டாகிறது.

ஆச்சியின் தீப்பந்த முறையில் ஆவேசத்துக்கு இடமில்லை, முழுவதும் ஜாக்கிரதைதான். மழை இல்லாத காலைப்பொழுதைத் தேர்ந்துகொள்வாள். கொடியில் இருக்கும் துணிகளை எடுக்கச் செய்வாள். கிணற்றைப் பலகையால் மூடச் செய்வாள். மாட்டை அவிழ்த்துத் தெருப்பக்கம் கட்டச் செய்வாள். ஓலை வேய்ந்த தொழுவம் அருகில் இருப்பதால் அதன்மேல் தண்ணீர் தெளித்து, வாளிகளில் தண்ணீர் நிரப்பி வைப்பாள். நீண்ட மூங்கிற்கழியின் நுனியில் கிழிந்த சாக்கை இறுகச் சுற்றி, மண்ணெண்ணெயில் நனைத்து வடியவிட்டு, என் மாமா பந்தத்தைக் கொளுத்துவார். காற்று வீசும் திசைக்கு முதுகைக் கொடுத்து நின்று, முண்டாசுத் துணியால் முகத்தையும் கழுத்தையும் மூடிக்கொண்டு, அடிமரத்தில் அப்பியிருக்கும் புழுக்கூட்டத்தின்மேல் சுவாலையை ஒரு வீச்சில் தடவிக் கொண்டுபோவார். ஓரிடத்தில் தாமதித்தால் முருங்கையின் மென்மையான பட்டை வெந்துவிடும். விரைந்து கடந்தால் புழு சாகாது. அந்த நடுநிலை கைப்பழக்கத்தால் மட்டுமே வரும். ரோமம் கருகிக் கீழே விழும் புழுக்களை நீண்ட விளக்குமாற்றால் கூட்டி, சாம்பலும் மண்ணும் இட்டுக் குழியில் புதைத்துவிடுவார்கள். குழந்தைகளை அடுக்களைக் கதவுக்கு அப்பால் நிறுத்தி வைப்பார்கள். கருகிய ரோமம் புகையோடு பறந்து கண்ணிலும் தொண்டையிலும் பட்டால் அதுவே ஒரு வியாதியாகிவிடும் என்ற அச்சந்தான் காரணம்.

இந்தக் காரியத்தை ஒரு வீட்டார் மட்டும் செய்வதில் பயன் குறைவு என்பதை எங்கள் தெரு விரைவில் கண்டுகொண்டது. எங்கள் மரத்தைச் சுத்தம் செய்த மறுவாரமே கீழவீட்டு மரத்தில் எஞ்சிய புழுக்கள் இலை தீர்ந்து, சுவரேறி வந்துவிடும். ஆகையால், புழு தோன்றிய செய்தி வந்ததும் தெருவில் முருங்கை வைத்திருப்போர் எல்லோரும் பேசி வைத்துக்கொண்டு ஒரே காலையில் பந்தம் பிடிக்கும் வழக்கம் உண்டாயிற்று. பொடி வாங்கிவந்த மேலவீட்டு அண்ணாச்சியே அதற்கு முன்னின்று, மாமாவின் கையிலிருந்து கழியை வாங்கி, ஆள் துணையில்லாத விதவை ஒருத்தியின் மரத்துக்கும் தாமே சென்று பந்தம் பிடித்தார். ஊர்ப்பொதுக் காரியம் என்றால் கோயில் கொடையும் குளம் வெட்டுதலும் என்று எண்ணியிருந்த எனக்கு, பூச்சியை எதிர்ப்பதும் ஒரு பொதுக் காரியம் என்பது அப்போது விளங்கிற்று.

அந்நாட்களில் விவசாய இலாகாவின் உத்தியோகஸ்தர் ஒருவர் எங்கள் தெருவில் குடியிருந்தார். வயலுக்குப் போய்வரும் வழியில் இந்தக் காட்சியைக் கண்டு நின்றவர், ஆச்சியின் முறையைப் பாராட்டிவிட்டு, அதற்கும் முந்தைய இரண்டு படிகளை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார். விளக்குக்கு அந்துப்பூச்சி வருகிறதல்லவா, அதை வீட்டு விளக்குக்கு வரவிடாமல் புறவாசலிலேயே வரவேற்றுவிடுங்கள் என்று சொல்லி, அகலமான ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் சிறிது மண்ணெண்ணெயும் விட்டு, நடுவில் கல்லை வைத்து, அதன்மேல் அரிக்கேன் விளக்கை ஏற்றி வைத்துக் காட்டினார். முதல் மழைக்குப் பிந்திய இரவுகளில் அதில் விழுந்து மடிந்த ஒவ்வொரு பெண்பூச்சியும் ஒரு புழுக்கூட்டத்தின் தாய் என்பதை அவர் விளக்கியபோது ஆச்சி மிகுந்த சிரத்தையோடு கேட்டுக்கொண்டாள். இரண்டாவதாக, தாழ்ந்த கிளைகளை வளைத்து இலையடியில் முட்டைக் கூட்டத்தையும் இளம்புழுக் கூட்டத்தையும் தேடி, அந்த ஒரு கொத்தை மட்டும் கிள்ளி மண்ணெண்ணெய் கலந்த நீரில் போடச் சொன்னார். மீனெண்ணெய்ச் சோப்பை லிட்டருக்கு 25 கிராம் வீதம் கரைத்து, அடிமரத்தில் திரண்டிருக்கும் புழுக்களின்மேல் அடிக்கலாம் என்று விவசாயப் பல்கலைக்கழகத்தார் பிற்காலத்தில் கூறிய யோசனையும் இதே வழியைச் சேர்ந்தது. பந்தம் பிடிக்க அஞ்சுவோருக்கும், ஓலைக்கூரை அருகில் உள்ளவர்களுக்கும் அதுவே உகந்தது.

நாங்கள் அறியாமலே எங்களுக்குத் துணைநின்ற வேறு சிலரும் இருந்தார்கள். கறுப்பும் வெள்ளையுமான உடலும் தலையில் கூரிய கொண்டையும் உடைய சுடலைக்குயில், மற்றப் பறவைகள் தீண்டத் தயங்கும் ரோமப் புழுவை ஆவலோடு தின்னும். புழுவைக் கொத்தியெடுத்து, அலகால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நெரித்துக் குடலைப் பிதுக்கி எறிந்துவிட்டு, பின்பு விழுங்கும் அதன் நேர்த்தியை எங்கள் முருங்கையின் கீழ்க்கிளையிலேயே நான் கண்டிருக்கிறேன். செம்போத்தும் மெதுவாக நடந்து வந்து தன் பங்கை எடுத்துக்கொள்ளும். கண்ணுக்குச் சட்டென்று தெரியாத சிறு குளவிகளும் ஈக்களும் புழுவின் உடலிலேயே முட்டையிட்டு அதன் வமிசத்தைக் குறைக்கின்றன. பொடி தட்டிய மரத்தில் புழுவோடு இந்தக் குளவிகளும் மடிகின்றன என்பதையும், பகைவரும் இல்லாமல் போன மரத்துக்கு அடுத்த தலைமுறைப் புழு தடையின்றி வரும் என்பதையும் நான் உணர்ந்தது வெகுகாலத்துக்குப் பின்னர்தான்.

பிற்பாடு ஆசிரியத் தொழிலை மேற்கொண்டு மதுரைக்குக் குடிபெயர்ந்தேன். அங்கே, ரேச்சல் கார்சன் அம்மையார் 1962இல் வெளியிட்ட 'சைலண்ட் ஸ்பிரிங்' என்னும் நூல் என் கைக்குக் கிடைத்தது. 1957இல் நியூயார்க்குக்கு அருகில் உள்ள லாங் ஐலண்டில், மரங்களை மொட்டையடிக்கும் ஜிப்சி அந்துப்பூச்சியின் புழுவை ஒழிப்பதற்காக, வீடுகளும் தோட்டங்களும் பால்மாட்டுப் பண்ணைகளும் நிறைந்த பகுதியின்மேல் ஆகாய விமானத்திலிருந்து டி.டி.டி. தெளித்த வரலாற்றையும், அதை எதிர்த்து அங்கே குடியிருந்தோர் நீதிமன்றம் ஏறியதையும் அந்நூலில் படித்தபோது, மண்சுவருக்கு இப்பால் நின்று ஆச்சி சொன்ன வார்த்தைகள் என் காதில் மீண்டும் ஒலித்தன. தூர தேசத்துப் படித்த மக்கள் நீதிமன்றத்தில் எழுப்பிய வினாவும், எழுத்தறியாத ஆச்சி புறவாசலில் எழுப்பிய வினாவும் அடிப்படையில் ஒன்றே: ஒரு புழுவின் பொருட்டு நாம் உண்ணும் உணவிலும் பருகும் பாலிலும் விஷம் கலக்க யாருக்கு உரிமை உண்டு?

அதே 1962ஆம் வருஷம் தில்லியில் வெட்டுக்கிளிகள் படையெடுத்தபோது, விஞ்ஞானி பிரதானும் அவருடைய சகாக்களும் வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்த பயிரை அவை தீண்டாமல் விட்டதை நிரூபித்தார்கள். அந்தக் குணத்துக்குக் காரணமான அசாடிராக்டின் என்னும் பொருளை 1968இல் இங்கிலாந்தில் பிரித்தெடுத்தார்கள். இந்தச் செய்திகளைப் படித்தபின் நானும் என் வீட்டு மரங்களுக்கு அந்த முறையைக் கையாண்டு வருகிறேன். வேப்பம்பருப்பைப் பொடித்து, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் வீதம் இரவு முழுவதும் ஊறவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, இலையில் ஒட்டுவதற்குச் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து, வெயில் தணிந்த மாலையில் தெளிக்க வேண்டும். உச்சி வெயிலில் தெளித்தால் அதன் சக்தி விரைவில் சிதைந்துவிடும். முற்றிய புழுவை அது உடனே கொல்லும் என்று எதிர்பார்க்கலாகாது. இளம்புழுவின் பசியைக் கெடுத்து, தோலுரித்து வளரும் முறையைக் குலைப்பதே அதன் வேலை. இளம்புழுவை நோயுறச் செய்யும் பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் நுண்ணுயிரும் அப்படிப்பட்டதே. ஜப்பானிய விஞ்ஞானி இஷிவாதா 1901இல் பட்டுப்புழுவில் அதைக் கண்டார். 1911இல் ஜெர்மனியின் துரிங்கியா மாகாணத்தில் அதை மீண்டும் கண்டறிந்த பெர்லினர் பின்னர் அதற்குப் பெயரிட்டார். இவை எல்லாவற்றிலும் காலமே பிரதானம். புழு சிறிதாக இருக்கும்போது பிரயோகித்தால் பலன். ரோமம் அடர்ந்து விரற்பருமன் ஆனபின் பிரயோகித்தால் வீண் செலவு.

ஒரு மரத்துப் புழுவுக்கு ஏற்ற உபாயம் இன்னொரு மரத்துக்கு ஏற்றதாகாது என்பதையும் என் மதுரைத் தோட்டமே கற்பித்தது. எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் வரும் புழு கூட்டமாக வாழ்வதில்லை. இளமையில் பறவையின் எச்சத்தைப் போன்ற கறுப்பு வெள்ளைத் திட்டுகளோடு இலைமேல் படுத்து நம்மை ஏமாற்றும். வளர்ந்தபின் பச்சை நிறம் கொண்டு, தொட்டால் தலையின் பின்புறத்திலிருந்து செந்நிறக் கவை ஒன்றை நீட்டி நாற்றம் வீசும். அது பின்னர் அழகிய வண்ணத்துப்பூச்சியாக மாறுவது. அங்கே தீயும் வேண்டாம், தெளிப்பும் வேண்டாம். காலையில் ஒரு முறை செடியைச் சுற்றி வந்து கையால் எடுத்துவிடுவது போதும். தென்னையில் வரும் கருந்தலைப்புழுவோ ஓலையின் அடிப்புறத்தில் நூலாலும் எச்சத்தாலும் கூடு கட்டிக்கொண்டு உள்ளிருந்து சுரண்டும். மட்டைகள் தீய்ந்தவை போலத் தோன்றும். தாக்குண்ட கீழ்மட்டைகளை வெட்டி எரிப்பதும், அந்தப் புழுவின் ஜன்மப் பகையாகிய சிறு குளவிகளை ஆய்வுக்கூடத்தில் பெருக்கித் தோப்பில் விடுவதுமே அதற்குரிய மார்க்கம். மரந்தோறும் புழு வேறு, புழுதோறும் சுபாவம் வேறு. சுபாவத்தை அறியாமல் மருந்தைத் தேடுவது விபரீதம்.

மதுரையில் நாங்கள் வசிக்கும் காலனியில் இன்று மதில்கள் ஆளுயரத்துக்கு எழுந்துவிட்டன. ஆயினும் மழைக்காலத்துப் புழு அவற்றையும் ஏறிக் கடக்கிறது. சில வருஷங்களுக்கு முன் ஒரு கார்த்திகையில், அடுத்த தெருவில் ஒரு வீட்டு முருங்கையிலிருந்து புழு பரவி, பள்ளிச் சீருடைகளிலும் மாடிப்படிகளிலும் ஊர்ந்தபோது, மரத்தை வெட்டியே தீர வேண்டும் என்று அக்கம்பக்கத்தார் கோபத்தோடு திரண்டார்கள். அவர்களுடைய கோபம் நியாயமானது. குழந்தையின் கழுத்து தடித்துச் சிவந்திருப்பதைக் கண்ட தாயிடம் கீரையின் மகிமையைப் பேசுவதால் பயனில்லை. ஆகவே நான் அன்று மரத்துக்காக வாதாடவில்லை. மறுநாள் விடியற்காலையில் வந்து அடிமரத்தைப் பாருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். வந்து, புழுக்கள் அனைத்தும் ஒரே இடத்தில் திரண்டு உறங்குவதைக் கண்டபின், இளைஞர் சிலர் தாமே முன்வந்து, முழுக்கைச் சட்டையும் முகக்கவசமும் கையுறையும் அணிந்து, சோப்புக் கரைசலை அடித்து, விழுந்தவற்றைக் கூட்டிப் புதைத்தார்கள். நெரிசலான தெருவில் தீப்பந்தத்தை நான் யோசனை சொல்லவில்லை. அந்த மரம் பிழைத்தது. இலையெல்லாம் போய் ஈர்க்காக நின்றது, சில வாரங்களில் மீண்டும் தளிர்த்தது. அதே பருவத்தில், காலனியின் மறுகோடியில் நின்ற இன்னொரு மரத்தை, நான் கேள்விப்படுவதற்குள் வெட்டிவிட்டார்கள்.

தளிர்க்கும் சக்தி முருங்கைக்கு அபாரமாக உண்டு. ஒரு முறை இலை முழுவதையும் இழப்பதால் திடமான மரம் சாவதில்லை; அடுத்தடுத்து இழக்கும்போதுதான் சேமிப்புக் குன்றி நலிகிறது. ஆகவே புழுவைக் கண்டவுடன் பதறுவதற்குக் காரணம் இல்லை. கண்டும் வாளாவிருப்பதற்கும் காரணம் இல்லை. காய்ப்பு ஓய்ந்தபின் கிளைகளைக் கவாத்து செய்து மரத்தைக் கைக்கு எட்டும் உயரத்தில் வைத்துக்கொண்டால் முட்டையைக் கண்டு கிள்ளுவது எளிதாகும். கோடையில் மரத்தடி மண்ணைக் கொத்திவிட்டால் உள்ளே உறங்கும் கூட்டுப்புழு வெயிலுக்கும் பறவைக்கும் இரையாகும். முதல் மழைக்குப்பின் விளக்குப்பொறி. அதன்பின் இலையடியில் ஒரு பார்வை. அதையும் மீறிப் பெருகினால் விடியற்காலையில் அடிமரம். இந்த வரிசையில் எந்தப் படியும் பெரும் பணத்தையோ கொடிய நஞ்சையோ கோரவில்லை. ஒன்றை மட்டும் கோருகிறது: அந்தந்த வேளையில் மரத்தருகே சென்று நின்று பார்க்கும் பழக்கத்தை.

அந்தப் பழக்கம் அருகிவிட்டதையே நான் மரங்களுக்கு நேர்ந்த பெருந்தீங்காகக் கருதுகிறேன். மரத்தை வருஷத்தில் ஒரு நாளும் அண்ணாந்து பார்க்காத வீட்டாருக்கு, புழு ஒரு நாள் திடீரென்று ஆகாயத்திலிருந்து விழுந்த ஆபத்தாகத் தோன்றுகிறது. ஆபத்துக்கு அரிவாளே பரிகாரமாகவும் தோன்றுகிறது. மரத்தோடு பழகியவர்களுக்கோ அது நாள் குறித்து வரும் விருந்தாளி. வரும் வழியும் தங்கும் இடமும் தெரிந்திருப்பதால் அவர்கள் கலங்குவதில்லை. ஆகையால் முருங்கை வைத்திருக்கும் இளையவர்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான்: இந்த ஐப்பசியில் முதல் மழை பெய்து ஓய்ந்ததும், உங்கள் வீட்டுக் குழந்தைகளையும் பக்கத்து வீட்டாரையும் அழைத்துக்கொண்டு மரத்தடிக்குச் செல்லுங்கள், தாழ்ந்த கிளை ஒன்றை வளைத்து இலையின் அடிப்புறத்தைக் காட்டுங்கள். முட்டை இருந்தால் அந்த ஒரு கொத்தைக் கிள்ளிவிட்டு, மிச்சக் கீரையை ஒடித்துச் சமையலுக்குக் கொண்டுபோங்கள்.